இருபத்திரண்டாம் தேதி வால்வு

தன்னூஸின் நெஞ்சில் வால்வு மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தாங்காது என்று பெரிய டாக்டர் மே பத்தொன்பதாம் தேதியைக் குறித்துக் கொடுத்திருந்தார். மனைவி நுஹாதுக்கு அந்தத் தேதிதான் பிடிக்கவில்லை.

"பத்தொன்பதுல நமக்குத் தெரிஞ்ச புனிதர் யார் இருக்கா? மார் ஷர்பலுக்கு மாசாமாசம் இருபத்திரண்டுதான் நாள். அதுக்கு மாத்திக் குடும்மா," என்றாள் ஆஸ்பத்திரி கவுண்டரில்.

"வால்வு என் நெஞ்சுலடி இருக்கு, காலண்டர்ல இல்ல," என்றார் சக்கர நாற்காலியில் இருந்த தன்னூஸ். வீட்டிலேயே எடுபடாத பேச்சு, ஆஸ்பத்திரியில் எடுபடுமா?

கூட வந்த நாத்தனார் ஜோர்ஜெத் சும்மா இருப்பாளா? "அண்ணி, எங்க குடும்பத்துக்குப் புனித ரீத்தம்மாதான். கைவிட்ட கேஸுக்கெல்லாம் அவங்கதான்."

"உன் அண்ணன் கைவிட்ட கேஸா? வாயைக் கழுவுடி!"

கவுண்டர் பெண் காலண்டரைப் புரட்டினாள். மே இருபத்திரண்டு ரீத்தம்மாள் திருநாளும்கூட! கல்யாணமான நாளிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அங்கேயே கட்டிக்கொண்டார்கள்.

"ஆனா அன்னிக்குப் பெரிய டாக்டர் பாரிஸ்ல இருப்பார். சின்ன டாக்டர் எலியாஸ்தான்."

"யார் வெட்டினா என்னம்மா? மேல ரெண்டு பேர் பார்த்துக்கிறாங்க," என்றாள் நுஹாத்.

"வெட்டறது என்னை," என்றார் தன்னூஸ். யார் காதிலும் விழவில்லை.

இருபத்திரண்டாம் தேதி காலை, நர்ஸ் மருந்து போட்டுத் துடைத்து வைத்த நெஞ்சில் நுஹாத் ஷர்பல் கோயில் எண்ணெயைப் பூசினாள். நர்ஸ் மறுபடி துடைத்தாள். ஜோர்ஜெத் ரீத்தம்மாள் கோயில் ரோஜா இதழ்களை ஒட்டினாள். மூன்றாம் முறை துடைத்த கையோடு நர்ஸ் இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

எட்டு மணிக்கு ஆப்பரேஷன். ஒன்பதாயிற்று, பத்தரையாயிற்று.

"உங்க ஷர்பல்தான் லேட்டு."

"திருநாள் கூட்டத்துல உன் ரீத்தம்மா மாட்டிக்கிட்டாங்களோ என்னமோ!"

சொல்லிவிட்டாளே தவிர, நுஹாத் கதவில் காதை வைத்துக் கேட்டாள். மனுஷன் கதவுக்கு அந்தப்பக்கம் ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன டாக்டர் எங்கம்மா?"

"அன்னாயா ஊர்ல இருக்கிற ஷர்பல் கல்லறைக்குப் போயிருக்கார்மா, இப்ப வந்துடுவார். தனியாப் பண்ற முதல் வால்வாம். கை நடுங்காமப் பார்த்துக்கச் சொல்லி நேர்லயே கேட்டுட்டு வரேன்னார்."