தியான மண்டபத்தில் வந்த ஆத்தா

உங்களுக்கெல்லாம் வீட்டில் சட்டி கழுவுகிற வேலை இல்லையா? ஒரு கிழவியின் மானம் போன கதையைக் கேட்க இப்படி உட்கார்ந்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லை? சரி, வந்தது வந்துவிட்டீர்கள், சொல்கிறேன். சிரித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

போன வருஷம் ஈப்போவில் எங்கள் குடியிருப்பான தாமானில் இருக்கிற கோயில் மண்டபத்தில் தியான வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஓய்வு பெற்ற சிலோன்கார டீச்சர். வெள்ளைப் புடவை, பூனை நடக்கிற மாதிரி குரல். கற்க வந்தவர்கள் நாங்கள். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தை மூடியதும் இங்கே குடிவந்த பெண்கள். மரம் சீவின கைகள், சும்மா இருந்து பழக்கமில்லை.

நான் ஞானத்துக்கா போனேன்? (அடப் போங்க!) பக்கத்து வீட்டு சரோஜாவுக்குத் துணையாகப் போனேன். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு இரண்டு தடவை நாள் கொடுத்தும் பயந்துகொண்டு போகவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை மூன்றாவதாகக் கொடுத்த நாள். அதையும் விட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவளோ, "கண்ண மூடிக்கிட்டு உள்ள பாக்கச் சொல்லித் தர்றாங்களாமே அக்கா, அதுவே போதும் லா" என்று வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள்.

டீச்சர் சொன்னார்: "மூச்சை மட்டும் பாருங்கோ. கால் நொந்தாலும் அசையாதேங்கோ. நோவு வரும், போகும். நீங்கள் சாட்சியா இருங்கோ."

நானும் சாட்சியாக இருந்தேன். முதலில் மூச்சைப் பார்த்தேன். பிறகு வீட்டில் ஊறப்போட்ட உளுந்தைப் பார்த்தேன். பிறகு இடது காலில் எறும்பு ஊர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கால் என்ற ஒன்றே இல்லை. (ஆகா, பற்று விட்டுப்போச்சுன்னு சந்தோஷம் வேற!)

மணி அடித்தது. வெடுக்கென்று எழுந்தேன். இல்லாத காலில் யாராவது நிற்க முடியுமா? தூணைப் பிடித்தேன், கொண்டை அவிழ்ந்தது, ஒற்றைக் காலில் "ஹா! ஹூ!" என்று குதித்தேன்.

தலைவிரி கோலமாக ஒருத்தி கோயிலில் குதித்தால் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆத்தா வந்துட்டாடி! மஞ்சத் தண்ணி கொண்டா!"

ஒரு வாளி என் தலையில் கவிழ்ந்தது. கையில் எலுமிச்சம்பழம் திணித்தார்கள். "ஐயோ, இது தியானம்! தண்ணி ஊத்தாதேங்கோ!" என்று டீச்சர் கெஞ்சினார். யார் கேட்டது? குளிரில் நான் அலற அலற எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

'கால் மரத்துப்போச்சுடி' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சரோஜா என் காலில் விழுந்தாள். அதுவும் அந்தக் காலிலேயே.

"தாயே, திங்கக்கெழம கத்தி வைக்கலாமா? எனக்குக் கண்ணு தெரியுமா? நீ சொன்னா போறேன்."

என் பாதத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் நக்கல் இல்லாமல் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அந்த நேரம் என் மனசில் உளுந்தும் இல்லை, கால்வலியும் இல்லை. டீச்சர் சொன்ன அமைதி இதுதானோ என்னவோ.

"போடி!" என்று உறுமினேன். "திங்கக்கெழம மொத ஆளா போய் நில்லு! போகலன்னா என் கோயில் பக்கமே தல வச்சுப் படுக்காத!"

சரோஜா விம்மிக்கொண்டே தலையாட்டினாள். டீச்சர் துண்டோடு வந்து என் காதருகே குனிந்தார். "இப்ப கால் பரவாயில்லையோ அம்மா?" என்றார். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாட்சியாகவே இருந்துவிட்டார், புண்ணியவதி.

திங்கட்கிழமை சரோஜா போனாள். கட்டு அவிழ்த்ததும் என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, இவ்ளோ கெழவியா ஆயிட்டியா!" (வேணும் எனக்கு!) எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது கால் மரத்தால், பேரப்பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

சரோஜா கட்டு அவிழ்த்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரர்கள் எலுமிச்சம்பழமும் கையுமாக என் வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். அவர்களிடம் சொன்னேன்:

"என் மேல வர்ற ஆத்தாவுக்கு ஒரே பதில்தான் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணு, சக்கர, பிரஷர் இருக்கறவங்க மட்டும் நில்லுங்க. லாட்டரிக்கு நாலு நம்பர் கேக்க வந்தவங்க அடுத்த தெரு சாமிகிட்ட போலாம்."