நான் பிடுங்கிய கல்

உதவி செய்கிறேன் என்று வருகிறவனை உடனே நம்பக்கூடாது. இதை நான் அனுபவத்தில் அறிந்தேன். அந்த அனுபவத்தில் உதவி செய்ய வந்தவன் நானே.

காவிரி கரை மீறிய ஒரு வருஷம், சேலத்திலிருந்து தொண்டர்களாகப் பன்னிரண்டு பேர் ஜேடர்பாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூருக்குப் போனோம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு வாரப் பத்திரிகையில் நிருபர். கண்ணில் பட்டதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன். (புரிந்துகொள்வது வேறு யாருடைய வேலையோ என்று நினைத்திருந்தேன் போலும்.)

“இது யார் நிலம்?” என்று கேட்டேன்.

“தெரியாதுங்க” என்றார் காளியண்ணன், தம் நிலத்திலேயே நின்று மணலை வெட்டி வாரிக்கொண்டு.

“பக்கத்து நிலம்?”

“அதுவும் தெரியாதுங்க.”

பக்கத்து நிலத்துக்காரரும் காளியண்ணனின் சித்தப்பா மகனுமான பழனியப்பன் பலமாகத் தலையாட்டி ஆமோதித்தார். அந்தப் பங்காளிகள் இருவரையும் ஒற்றுமையாக நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

நோட்டைக் கண்டதும், புதிதாக வரி போட ஆள் வந்துவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. நானோ, ‘இவ்வூரார் எதையோ மறைக்கிறார்கள்’ என்று எழுதிக்கொண்டேன். ஆக, கேட்க வேண்டியதை நானும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை அவர்களும் சொல்லவில்லை.

வெள்ளம் வரப்புகளைக் கரைத்துவிட்டு, நிலத்தின்மேல் மணலை விரித்திருந்தது. வாய்க்கால் கரையிலும் ஓர் உடைப்பு. அதை அடைக்கக் கல் தேவைப்பட்டது. தேடிப் போனபோது மணலிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டு ஒரு கல் நின்றது. உச்சியில் உளியால் கொத்திய குறுக்குக் கோடுகள். ‘யாரோ வேலையற்றவன் செதுக்கியிருக்கிறான்’ என்று அதையும் குறித்துக்கொண்டேன். பிறகு மூன்று பேராகக் கடப்பாறை போட்டு நெம்பிப் பிடுங்கினோம். குழியை மூடி, காலால் மிதித்து, மட்டமாக்கியது மட்டும் என் சொந்த யோசனை. கல் உடைப்புக்குள் இறங்கியது. அதன்மேல் ஐம்பது கூடை மண்.

மறுநாள் காலை, மேட்டுப் பக்கத்து ஊர்கள் கொடுத்த ராகி நாற்று வண்டிகளில் வந்து இறங்கியது. அன்றே நட்டால் பிழைக்கும். தப்பினால் அந்த இரண்டு வீட்டிலும் அடுத்த அறுவடைவரை களி கிண்ட மாவிருக்காது.

அப்போதுதான் காளியண்ணன் கேட்டார்: “எல்லைக்கல் எங்கீங்க?”

சொன்னேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். வாக்கியம் முடிவதற்குள் குரல் இறங்கிவிட்டது.

காளியண்ணன் என்னைத் திட்டவில்லை. தம்பி பக்கம் திரும்பினார். “ஏன்டா பழனியப்பா, நேத்து இவருக்கு உங்க ஊட்டுல மோர் குடுத்தது இதுக்குத்தானா?”

“நல்லாருக்குதுண்ணா! முந்தாநாள் உங்க ஊட்டுல களியும் கீரையும் தின்னாரே, அது எதுக்காம்?”

(இரண்டும் உண்மை. பசித்த தொண்டன் பாரபட்சம் பார்ப்பதில்லை.)

“இல்லைங்க, நான் வந்து…” என்றேன்.

“நீங்க பேசாதீங்க சாமி!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

எல்லை தெரியாமல் நாற்று நடக்கூடாது என்று இருவரும் நடவு ஆட்களைத் தடுத்துவிட்டார்கள். வெயில் ஏறியது. நாற்றுக் கட்டுகளின் நுனி தொங்கியது. காளியண்ணனின் மனைவி பாவாயி அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

“ஏனுங்க, நாத்து வதங்கிப்போச்சுன்னா கல்லையா திம்போம்? அந்தக் கோடிக்குப் பொதுக்கிணறு இருக்குது. இந்தக் கோடிக்குக் கல்லைப் புடுங்குனவரே நிக்கட்டும். கயித்தை இழுத்துக் கட்டி நடுங்க.”

“இவரை எப்படிப் புள்ள நம்பறது?”

“அவரு உங்களுக்கு ஆளுன்னு கொழுந்தனாரு சொல்றாரு, கொழுந்தனாருக்கு ஆளுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப ரெண்டு பேருக்கும் ஆளில்ல. நிக்கச் சொல்லுங்க!”

நின்றேன். நீர் இறைக்கும் வடக்கயிற்றின் ஒரு நுனி கிணற்று மேட்டில். மறு நுனி என் இடுப்பில். கிழக்கே காளியண்ணன் வீட்டு நடவு, மேற்கே பழனியப்பன் வீட்டு நடவு. நாற்றைப் பார்த்ததைவிட அவர்கள் என்னைப் பார்த்ததுதான் அதிகம்.

“கிழக்கால சாயறீங்க.”

“மூச்சை அவ்வளவு இழுக்காதீங்க, கயிறு நகருது.”

மத்தியானம் ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்து, கல்லுக்குச் செய்யும் மரியாதையைச் செய்துவிட்டுப் போனது. அந்த ஊரில் என்னை முழுமையாக நம்பிய முதல் ஜீவன் அதுதான். பாவாயி தண்ணீர் கொண்டு வந்தார். பழனியப்பன் வீட்டிலிருந்தும் இன்னொரு செம்பு உடனே வந்தது. இரண்டிலும் சம அளவு குடித்தேன்.

பொழுது சாய்வதற்குள் நடவு முடிந்தது. என் கால் இருந்த இடத்தில் புதுக்கல் நட்டார்கள். ராகியும் விளைந்தது.

பழைய கல் அங்கேதான் இருந்ததா என்றால், சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்று யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்துச் செய்தி சேகரிக்க அந்தப் பக்கம் போனபோது, காளியண்ணன் என்னைத் தனியாக அழைத்து, “அரை அடி போச்சுங்க எனக்கு. உண்மையைச் சொல்லுங்க, மோர் மட்டும்தானா?” என்றார். பழனியப்பனும் தனியாக அழைத்தார். அவருக்கும் அரை அடி போயிருந்தது. களியோடு வேறென்ன கொடுத்தார்கள் என்று கேட்டார்.

இதை வீட்டில் சொன்னது என் இரண்டாவது தவறு. என் பிள்ளைகள் பாயில் இடத்துக்குச் சண்டை போட்டால் என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: “அப்பாவைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துங்கள். முதலில் யார் அவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று விசாரியுங்கள்.”