மில்லுக்காரர் வீட்டு உலக்கைச் சத்தம்

காவேரிப்பட்டணம்,
ஆவணி மாதம், 1954

மகா கனம் பொருந்திய மச்சான் முனிவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை மாதம்மாளைக் கட்டிய பாவி சென்னப்பன் எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை சுகம், மாடுகள் சுகம், பெங்களூரிலிருந்து நீங்கள் அனுப்பிய நெல் மிஷினும் பரம சுகம். சும்மா நிற்கிறதற்கு என்ன கேடு.

பெண்ணையாற்றங்கரையில் முதல் எஞ்சின், ஊரே கும்பிடும் என்றீர்கள். கும்பிட்டார்கள். பூஜையன்று பெல்ட்டுக்கு மாலை போட்டுவிட்டு அதைக் கழற்றாமலே ஓட்ட, மாலையும் போய், பூசாரியின் துண்டும் கூடவே போய், அதை இன்னும் சந்தையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். டிரைவர் கங்கப்பன் கன்னடத்தில் திட்டினால்தான் எஞ்சின் கிளம்புகிறது. நான் தமிழில் கெஞ்சினால் புகை விடுகிறது. சத்தம் அக்கரைக்குக் கேட்கட்டுமென்று புகைக்குழாயில் பானையைக் கவிழ்த்தேன். கேட்டது, பெண்கள் நெல்லோடு வந்தார்கள், வந்த இடத்தில் பக்கத்திலேயே நம் வீட்டு வாசலில் உங்கள் தங்கை உலக்கை போடுகிறாள். அவர்களில் நாராயணம்மா என்பவள் என் மூஞ்சிக்கு நேரே கேட்டாள்: "மில்லுக்காரரு ஊட்டுலியே கையில குத்தறாங்க, நாங்க மட்டும் மிஷினு அரிசி தின்னு சாவறதா?" எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கே போய்விட்டார்கள். "உங்கண்ணன் அனுப்பினது, ஒரு படியாவது மிஷினில் போடு" என்று உங்கள் தங்கை காலில் விழாத குறை. "அப்படின்னா அந்தச் சோத்த அண்ணனையே திங்கச் சொல்லுங்க. அதுல சத்து எங்க இருக்குது?" என்கிறாள். மில்லில் ஈ காக்கை இல்லை. வாசலில் திருவிழாக் கூட்டம்.

மானம் போகிறது மச்சான், தெருவில் தலைகாட்ட முடியவில்லை. இந்த வாரமே லாரி அனுப்பி மிஷினை ஏற்றிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் மில்லைச் சாத்திவிட்டு ஏர் பிடிக்கப் போகிறேன்.

அக்கா ருக்மணியும் பிள்ளைகளும் பெண்ணையாற்றில் தண்ணீர் உள்ளவரை வாழட்டும். இப்போது முழங்கால் அளவு ஓடுகிறது.

இப்படிக்கு,
சென்னப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. கங்கப்பன் கல்யாணத்துக்கு ஆனேக்கல் போயிருக்கிறான். ஓடிப்போய்ப் பார்த்தால் உங்கள் தங்கை. "அக்கா, கொஞ்சம் கை குடு" என்று ஆளாளுக்குச் சொல்லி, ஊர் நெல்லையெல்லாம் இவளே குத்தித் தோள் வீங்கிவிட்டதாம். "போதும், வாங்கடி மிஷினுக்கு" என்று எல்லாரையும் ஓட்டி வந்துவிட்டாள். உங்கள் கெலமங்கலத்துக் கன்னடத்தில் நாலு வார்த்தை விட்டாளாம், ஒரே சுற்றில் கிளம்பிவிட்டது. வரிசை ஆற்றுத் தண்ணீர் வரை நிற்கிறது. ஆனால் நம் வீட்டுச் சோறு மட்டும் கைக்குத்தல்தானாம். "எனக்கு மில்லுல வேல கெடக்குது. நீங்க சும்மாதான குந்தினு இருக்கறீங்க?" என்றாள்.

லாரி வேண்டாம். உலக்கைக்கு நல்ல பூண் ஒன்று அனுப்பவும். பழையது நான் குத்தும்போது கழன்றுவிட்டது.