தோற்றாலும் இறங்காத விலை

சாம்பாருக்கு உப்புப் போட்டாயிற்றா இல்லையா என்று மாரிசாமி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், கல்லாவிலிருந்து கோபாலசாமி கழுத்தை நீட்டிச் சொன்னார்.

"மாரிசாமி, அடுத்த மாசம் நாங்க டெக்சாஸ்ல ஃபிரிஸ்கோவுக்குக் கெளம்பறமுங்க. பையன் வீடு கட்டி முடிச்சுட்டான். கடைய நீங்கதான் பாத்துக்கோணும்."

மாரிசாமி இன்னொரு கை உப்பை அள்ளி அண்டாவில் போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவில் இருந்த அந்த மெஸ் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. கல்லா கோபாலசாமியுடையது, அடுப்பு மாரிசாமியுடையது. அவர் உடுமலைப்பேட்டை, இவர் சாத்தூர். பேசுகிற பேச்சு வேறு, போடுகிற புளியின் அளவு வேறு. ஆனாலும் இத்தனை வருஷத்தில் இருவருக்கும் நடுவில் ஒரு சத்தமான வார்த்தை வந்ததில்லை. வராததற்குக் காரணம், முக்கியமான எதையும் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாததுதான்.

மாரிசாமி கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் இரண்டு புது சூட்கேஸ். விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

சரிதான், மொத்தமாகப் போகிறார்கள். டெக்சாஸ் போனவர்கள் யார் திரும்பி வந்தார்கள்? இங்கே ஓர் அலமாரி வாங்குகிற காசுக்கு அங்கே ஓர் அறையே கிடைக்குமாம்.

மறுநாள் காலை காரில் போகும்போது மனைவி சாரதாவிடம் சொன்னார். சாரதாவுக்கு மில்பிடாஸில் சர்க்யூட் போர்டு கம்பெனியில் வேலை.

"அண்ணாச்சி தன் பாதிய வித்துட்டுப் போகப் போறாக."

"யாருக்கு விப்பாக?"

"யாருக்கு வித்தா என்ன? வாங்குறவன் மறுநாளே பீட்சா கடை ஆக்கிருவான். பெறகு நானும் உன்கூட போர்டு கம்பெனிக்கு வர வேண்டியதுதான்."

"நீங்களா? கடுகவிடச் சின்ன சில்லு அது. தாளிச்சிருவீக," என்றாள் சாரதா. "பேசாம நம்மளே வாங்குவோம். ஆனா நீங்களா வெலை கேட்டுராதீக. காசுக்குப் பறக்கான்னு நெனைப்பாக. விக்கிறவுக வாயில இருந்துதான் வரணும்."

மாரிசாமி அப்படியே செய்வதாகத்தான் நினைத்தார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நின்று, கையை வேட்டியில் துடைப்பதுபோல் பேண்ட்டில் துடைத்தார்.

"அண்ணாச்சி, நம்ம கடை இப்ப என்ன வெலை போகும்னு நெனைக்கீக?"

கோபாலசாமியின் முகம் ஊசி குத்திய பலூன் மாதிரி ஆயிற்று.

"ஏனுங்க அப்படிக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"நமக்குள்ள என்னங்க இருக்குது. நீங்களே பாத்து ஒரு வெலை சொல்லுங்க."

"நீங்க பெரியவுக. நீங்க சொல்லுங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க."

"நீங்க சொன்னா எனக்கும் சரி அண்ணாச்சி."

இப்படியே ரசம் ஆறுகிறவரை நடந்தது. கடைசியில் பொதுவான ஆள் ஒருவர் விலை சொல்வது என்று முடிவாயிற்று. அந்த ஆளும் அப்போது மூன்றாம் மேஜையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் பத்மநாபன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கம்பெனியில் வேலை. கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால், அந்த டீம்கள் கைமாறும்போது எந்த டீம் எவ்வளவு பெறும் என்று பாங்குகளுக்குக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் தொழில். வெள்ளிக்கிழமை தவறாமல் ஃபுல் மீல்ஸ் சாப்பிட வருவார்.

"மெஸ்ஸுக்கா? ஓ, பண்ணலாமே! டீமுக்குப் பண்றதுதானே. ஃபீஸ் எல்லாம் வேண்டாம், இன்னொரு வடை வைங்க போதும்," என்றார்.

மாரிசாமி ஆமைவடையாக இரண்டு வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார். "லாபம் ரொம்பக் கம்மி சார். கேஸ் பில்லு, வாடகை எல்லாம் போனா கையில நிக்கிறது காத்துதான்."

"லாபமா? அதை ஓரமா வைங்க. டீம் வாங்கறவன் லாபத்தைப் பாக்கறதே இல்ல. ப்ளேயர்ஸ் சம்பளம் போக ஒண்ணுமே மிஞ்சாத டீம்கூட கோடிக்கணக்குல போகுது."

"பெறகு என்னத்தப் பாப்பாக?"

"ரெவென்யூ. வருஷத்துக்கு மொத்தமா உள்ள வர்ற பணம். அதை இத்தனை மடங்குன்னு பெருக்குவோம்."

"எத்தன மடங்குன்னு எப்படித் தெரியும்?"

"கடைசியா வித்த டீம் எத்தனை மடங்குக்குப் போச்சோ, அதை வச்சுத்தான்."

"அவன் ஏமாந்து வாங்கியிருந்தா?"

"அடுத்தவனும் அதே வெலைக்கு ஏமாறணும். அதுக்குப் பேருதான் மார்க்கெட்," என்று பத்மநாபன் வடையைக் கடித்தார். மௌரி அவென்யூவில் போன வருஷம் விற்ற ஒரு சாட் கடையின் பெயரைச் சொல்லி, பேப்பர் நாப்கினில் ஒரு தொகையை எழுதினார்.

மாரிசாமிக்கு மூட்டை இறங்குவதற்குப் பதிலாக இன்னொன்று ஏறிய மாதிரி இருந்தது. கோபாலசாமி நாப்கினைக் கையில் வாங்கிப் பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார்.

"கொறச்சு எழுதிராதீங்க சார். நாயமான வெலை வரோணும்."

அடப்பாவி மனுசா, என்று மாரிசாமி மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை நாள் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்த ஆளுக்குள் இவ்வளவு ஆசையா!

"இது ரஃப் கணக்குதான்," என்றார் பத்மநாபன். "நாலு வாரம் பாத்துட்டு ஃபைனல் சொல்றேன்."

நாலு வாரம் இருக்கிறது. அதற்குள் விலையை இறக்க வேண்டும். தோற்கிற டீமை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று மாரிசாமி யோசித்தார். திங்கட்கிழமை முதல் தோற்க ஆரம்பித்தார்.

சாம்பாரில் உப்பைக் குறைத்து, வெல்லத்தைக் கட்டி கட்டியாகப் போட்டார். சமைத்த கைக்கே அது பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிண்டினார். கோபாலசாமி ஒரு வாய் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிற அவர் மனைவி தனபாக்கியம்தான் கேட்டார். "ஏனுங் தம்பி, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கேன் மதினி."

"மனசு அடுப்புல இல்லையாட்ட இருக்குதுன்னு இவரு சொல்றாரு."

தமிழ் ஆட்கள் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் வியாழக்கிழமை பார்த்தால் வாசலில் வடக்கத்திக் குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. கடைசியில் ஃப்ரீமான்ட்டில் ஒரு கடைக்காரனுக்குச் சாம்பார் வைக்கத் தெரிந்துவிட்டது என்று ஒரு குஜராத்தி அம்மாள் அடுப்படிக்கே வந்து மாரிசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கெட்டில் வாங்கிக்கொண்டும் போனார்.

வெள்ளிக்கிழமை பத்மநாபன் சாம்பாரை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ரொம்ப மோசமா இருக்கு மாரிசாமி."

"ஆமா சார்! வெலை இறங்கும்ல?"

"எப்படி இறங்கும்? டி.வி.காரன் குடுக்கற பணம் பந்தி மாதிரி. ஜெயிச்ச டீம், தோத்த டீம், எல்லா இலைக்கும் ஒரே கரண்டிதான். உங்களுக்கு அந்த மில்பிடாஸ் ஆபீஸ் லஞ்ச் காண்ட்ராக்ட் இருக்கே, அதுதான் உங்க டி.வி. நீங்க எப்படிச் சமைச்சாலும் அந்தப் பணம் வந்துரும். வருஷக்கணக்கா தோத்துட்டே இருக்கற டீம் போன வருஷத்தைவிட இந்த வருஷம் வெலை ஜாஸ்தி, தெரியுமா?" வாசலைப் பார்த்தார். "அதுவும் புது ரசிகர்கள் வேற சேந்திருக்காங்க!"

நாப்கினில் தொகை ஏறியது.

"சந்தோசமுங்க சார்," என்றார் கோபாலசாமி. ஆனால் குரல் என்னவோ சுரத்தில்லாமல் இருந்தது. இன்னும் ஏறட்டும் என்று நினைக்கிறார் போலும் என்று மாரிசாமி எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் சரிப்பட்டு வரவில்லை, மைதானத்தைச் சின்னதாக்கலாம் என்று அடுத்த வாரம் தோன்றியது. தரை ஓதம் காக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, பின்பக்க அறையைத் திரை போட்டு மூடினார். ஐந்து மேஜை போயிற்று. இனி வருமானம் இறங்கித்தானே ஆக வேண்டும்?

திரை போட்ட இடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மனிதர்களால் சோறு தின்ன முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை ஒரு டாக்டர் வந்து, மகளுடைய பர்த்டேக்கு அந்தத் தனி ரூம் கிடைக்குமா என்று தனபாக்கியத்திடம் கேட்டார். அந்த அம்மாள் சும்மா ஒரு தொகையைச் சொல்ல, அவர் பேரம்கூடப் பேசாமல் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொரு டாக்டர் வந்தார். டாக்டர்களுக்குள் போட்டி வந்தால் அப்புறம் யார் தடுப்பது?

பத்மநாபன் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மாரிசாமியைக் கட்டியே பிடித்துக்கொண்டார்.

"லக்சுரி பாக்ஸ்! யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு? ஸ்டேடியத்துல கண்ணாடி ரூம் கட்டிப் பெரிய கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவாங்க. டிக்கெட் காசுல மத்த டீமுக்கும் பங்கு உண்டு. ஆனா இந்த ரூம் காசு முழுக்க முழுக்க ஓனருக்குத்தான். இதுக்கு மடங்கே வேற!"

"நாஞ் சும்மா திரை போட்டேன் சார்," என்றார் மாரிசாமி. அழுகிற குரல் அது. அடக்கம் என்று நினைத்துப் பத்மநாபன் முதுகில் தட்டினார்.

கடைசி ஆயுதமாக மாரிசாமி குத்தகையைக் கையில் எடுத்தார். "சார், இந்தக் கட்டட லீஸ் வர்ற வருசத்தோட முடியுது. கடையே இருக்குமோ இருக்காதோ. அப்படிப்பட்ட கடைக்கு என்ன வெலை இருக்கும்?"

"லீஸ் முடியப்போகுதா?" பத்மநாபன் கை கழுவாமலே எழுந்துவிட்டார். "இதை ஏன் மொதல்லயே சொல்லல? லீஸ் முடியற டீமுக்குத்தான் மவுசே. வேற ஊருக்குப் போயிடுவேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இருக்கற ஊர்க்காரனே ஓடிவந்து புது ஸ்டேடியம் கட்டிக் குடுப்பான். இருங்க, நானே பேசறேன்."

கட்டடச் சொந்தக்காரருக்குப் பத்மநாபன் போன் போட்டு என்ன சொன்னாரோ, மறுவாரம் அந்த மனிதர் பூச்செண்டோடு வந்தார். வாடகையைக் குறைத்தார். நீண்ட காலத்துக்கு லீஸ் எழுதிக் கொடுத்தார். தரை ஓதம் காக்கிறதாமே என்று, தன் செலவில் புதுத் தரையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலாவது வெள்ளிக்கிழமை பத்மநாபன் இறுதித் தொகையை எழுதி மேஜையில் வைத்தார். ஃப்ரீமான்ட்டில் ஒரு நல்ல வீட்டின் விலை அது. அதில் பாதி என்றால், மாரிசாமியும் சாரதாவும் சேர்த்து வைத்திருந்ததை அதற்குப் பக்கத்தில் வைத்தால் அப்பளத்துக்குப் பக்கத்தில் வைத்த உப்புக்கல் மாதிரி இருக்கும்.

கோபாலசாமி நெடுநேரம் அந்தத் தொகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல ஒரு பைசா கொறையக் கூடாதுங்க மாரிசாமி. உங்க மனசுக்குச் சரிதானுங்களே?"

"சரிதான் அண்ணாச்சி," என்றது மாரிசாமியின் வாய். வாய்க்கு அந்த ஒரு வார்த்தைதான் பழக்கம்.

சனி ஞாயிறு அவர் சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை மெஸ்ஸுக்கு வந்ததும் பழைய அளவில், வெல்லம் இல்லாமல், ஒழுங்காக ஒரு சாம்பார் வைத்தார். இந்த அடுப்பில் இதுவே கடைசியாக இருந்தால், நல்லதாக ஒன்று வைத்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது. பெருங்காயம் போட்டு இறக்கியபோது அண்டாவின் ஆவி பட்டு முகம் நனைந்தது. ஆவிதான்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். அங்கே தனபாக்கியம் மட்டும் இருந்தார். ஒரு சின்னப் பட்டுப்பாவாடையை மடித்து சூட்கேசுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி எங்க மதினி?"

"பேங்குக்குப் போயிருக்கறாரு. என்னுங் தம்பி?"

சாரதா சொன்னது, மரியாதை, சம்பிரதாயம் எல்லாவற்றையும் மாரிசாமி அந்த இடத்தில் இறக்கி வைத்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"என்னால முடியாது மதினி. அவ்வளவு பணத்துக்கு நான் எங்க போவேன்? அண்ணாச்சி பங்க வேற யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லுங்க. வாரவுக யாரா இருந்தாலும் என்னையச் சமையக்காரனா வச்சுக்கிட்டாப் போதும். பாதி ஓனரா இருந்த இடம்னு கவுரவம் எல்லாம் பாக்க மாட்டேன். இந்த அடுப்ப விட்டுட்டு எனக்குப் போக எடமில்ல."

தனபாக்கியம் கையிலிருந்த பட்டுப்பாவாடையைக் கீழே வைத்தார். மாரிசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் பங்குங் தம்பி? பையன் புது வீட்டுல பேத்திக்குக் காது குத்திப்போட்டுப் பத்து நாள்ல திரும்பி வாறவிக நாங்க. நீங்கதான் வெலை கேட்டுப்போட்டுப் பிரிஞ்சு போறீங்கன்னு, உங்க பாதிய ஒரு பைசாக் கொறையாம வாங்கிக் குடுத்தனுப்போணும்னு அந்த மனுசன் வீட்ட அடமானம் வெக்கப் போயிருக்கறாரு!"