பேசப் பழக்குபவரைத் தேர்ந்தெடுத்த வரலாறு

சவாயித் தீவில் எங்கள் தண்ணீர்த் திணைக்களத்தில் ஒரு சுற்றறிக்கை உண்டு: முறையான பயிற்சி பெறாத எந்த அலுவலரும் வானொலியிலோ பொதுக்கூட்டத்திலோ வாய் திறக்கலாகாது. நல்ல சுற்றறிக்கைதான். பயிற்சி பெற்றவர் ஒருவர்கூட இல்லை என்பது மட்டுமே அதில் ஒரு சிறு குறை.

வேறு சமயமாக இருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த வருடப் பெருமழையில் ஆற்றங்கரைக் குழாய் உடைந்து, ஊர் முழுக்கத் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. வானொலியிலிருந்து மசினா தினமும் போன் செய்தாள்: "தண்ணியக் குடிக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொல்லுங்க!"

அந்த ஒரு வார்த்தை பொறியாளர் ஃபெரெத்தியிடம் இருந்தது.

"கொதிக்க வெச்சுக் குடிக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப போய்ச் சொல்லுங்களேன், அண்ணே!" என்றேன். நான் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று மாதம் வேலை பழக வந்தவள்.

"நான் பயிற்சி எடுக்கலையேம்மா. சொன்னா வேலை போயிடும்."

எனவே இயக்குநர் எத்துவாலே போர்க்கால வேகத்தில் செயல்பட்டார். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க மூவர் குழு ஒன்றை அமைத்தார். மூவருமே ஊர்ச் சபையில் பேசும் உரிமை பெற்ற பெரியவர்கள். யார் பேசுவது என்று பேசி முடிக்காமல் பேச்சைத் தொடங்காத பரம்பரை.

விண்ணப்பித்தவர்கள் இரண்டு பேர். முதலில் சினிவா, இருபது வருடம் வானொலியில் செய்தி வாசித்தவர். உள்ளூர்க்காரர்தானே என்று கேள்வி கேட்கும் பொறுப்பை என்னிடமே தள்ளிவிட்டார்கள்.

"எங்க இயக்குநருக்கு என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"தெரிஞ்சதச் சொல்லுங்க, தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க, அப்புறம் நிறுத்துங்கன்னு சொல்லிக் குடுப்பேன்."

குழு திடுக்கிட்டது. "ரெண்டு நாள் பயிற்சியாச்சேம்மா. மிச்ச நேரம் என்ன செய்வே?"

"மிச்ச நேரம் தேவைப்படாதுங்க."

அத்தோடு அவர் கதை முடிந்தது.

அடுத்தவர் சிட்னியிலிருந்து வந்த டேரன். கடல் தாண்டி வந்த விருந்தாளி. அவரிடம் முதல் கேள்வி கேட்கும் பெருமை யாருக்கு?

குழுவில் ஒருவரான சியாவோசி பக்கத்துப் பெரியவர் தவித்தாவைப் பார்த்தார். "தவித்தா, நீங்கதான் கேக்கணும். உங்க வம்சத்துக்கு முன்னால நான் வாய் தொறக்கறதா?"

"ஐயோ சியாவோசி, உங்க குரல் இருக்கற எடத்துல என்னுது தவளைச் சத்தம்."

மூன்றாமவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் சொல்றது சரிதான். அதனால நானே கேட்டுடலாமேன்னு..."

"அது எப்படி?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இரண்டரை மணி நேரம். டேரன் புன்னகைத்தார், தலையசைத்தார், மூன்று கோப்பை கொக்கோ குடித்தார். அலுவலகம் பூட்டும் நேரம் வந்தது. ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை.

டேரனுக்கான மதிப்பெண் பட்டியல் என் கையால்தான் எழுதப்பட்டது. தவறான பதில் சொல்லாமை: பத்துக்குப் பத்து. நெருக்கடியில் நிதானம்: பத்துக்குப் பத்து.

"இது அநியாயம்! அந்த ஆள் வாயே தொறக்கலையே!" என்றேன்.

"அதத்தாம்மா நம்ம இயக்குநர் கத்துக்கணும்," என்றார் தவித்தா அன்போடு.

வெள்ளிக்கிழமை, பயிற்சி பெற்ற இயக்குநர் வானொலியில் அமர்ந்தார். மசினா நேராகக் கேட்டாள்: "குடிக்கலாமா, கூடாதா?"

"அருமையான கேள்வி, மகளே. இப்படிக் கேக்கற பொண்ணப் பெத்தவங்களுக்கு மொதல்ல என் வணக்கம்..."

நாற்பது நிமிடம். மழை, ஆறு, முன்னோர், தெய்வ கிருபை எல்லாம் வந்தன. கொதிநீர் மட்டும் வரவில்லை. நேயர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள், ஒருவர் அழுதேவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். லூசியா அக்காவும் நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். பாயில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். சுற்றறிக்கையின் அபத்தம், குழுவின் மடமை, குடிமக்களின் உரிமை, அதிகாரம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வி எல்லாவற்றையும் ஆதாரத்தோடு அடுக்கினேன். ஒருவரும் கண் சிமிட்டவில்லை. பட்டிமன்ற மேடையில்கூட நான் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

லூசியா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடி பொண்ணே, அந்த இயக்குநரே உங்கிட்ட வந்து பாடம் கேக்கணும்! தொண்டை வறண்டிருக்கும், இந்தா," என்று ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரை நீட்டினாள்.

ஒரே மூச்சில் வாய் நிறைய ஊற்றிக்கொண்டபோதுதான், கொதிக்க வைக்க வேண்டும் என்பதை நான் இன்னும் சொல்லவே இல்லை என்று உறைத்தது. எதிரே பிள்ளைகளும் ஆளுக்கொரு தம்ளரோடு என்னையே பார்த்தார்கள். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது மரியாதையல்ல. விழுங்கினேன்.