பேருந்து நிறுத்தப் பெரும்போர்

வாழ்க, நகராட்சிப் போக்குவரத்துக் குழுவின் தலைவர்! சுழல் நாற்காலியைச் சிங்காதனமாகவும், மேசைமணியைப் போர்முரசாகவும், மூடி தொலைந்த பச்சைப் பேனாவைச் செங்கோலாகவும் கொண்டு, ஊர்ப் பேருந்துகளையெல்லாம் தம் கடைக்கண் அசைவால் ஓட்டியும் நிறுத்தியும், பெரும்பாலும் நிறுத்தியே, புகழ் வளர்த்த அப்பெருந்தகையின் வீரத்தைப் பாடப் புகுந்தோம். நாவே, பாடி முடிக்கும்வரை சிரித்துத் தொலைக்காதே.

ஊரின் ஓரத்தில் பூட்டிக் கிடந்த பழைய கிடங்கை வாங்கித் தையல் ஆலை வைக்க ஒரு முதலாளி அம்மா முன்வந்திருந்தார். முதல் இருந்தது, இயந்திரங்கள் இறங்கத் தயாராக இருந்தன. அவர் வேண்டிய வரம் ஒன்றே: வேலைக்கு வரும் பெண்கள் ஏறி இறங்கக் கிடங்குச் சாலையில் ஒரு நிறுத்தம். அந்த ஆலையின் கணக்குப் பிரிவில் தலைவரின் ஒரே மகளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. மகள் இனிக் கண்ணெதிரிலேயே இருப்பாள் என்று தலைவர் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். "அப்பா, இன்னைக்காவது முடிச்சிட்டு வாங்கப்பா" என்று சொல்லித்தான் அவள் அன்று காலை அவரைப் போருக்கு அனுப்பினாள்.

கிடங்குச் சாலையை ரயில் பாதை குறுக்கே வெட்டிச் செல்கிறது. பாதைக்கு இப்பால் தலைவருடைய மைத்துனரின் பேக்கரி. அப்பால் துணைத்தலைவருடைய சம்பந்தியின் பெயின்ட் கடை. பேருந்துக்குக் காத்திருப்பவன் பன் வாங்குவான் என்பது ஒரு தரப்பின் வேதம். பேருந்துக்குக் காத்திருப்பவன் பெயின்ட் வாங்குவான் என்பது மறுதரப்பின் வேதம். இதை நம்பக் கொஞ்சம் கூடுதல் பக்தி தேவைப்பட்டது.

மூண்டது போர். மேசைமணி அலற, கண்ணாடிக் குவளைகள் நடுங்க, சுழல் நாற்காலிகள் தேர்ப்படையென உருண்டு மோத, கோப்புகள் கேடயங்களாய் உயர, உறுப்பினர்கள் தத்தம் பிஸ்கட் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்க, எச்சில் மழையின் நடுவே இரு மலைகளென எதிரெதிரே எழுந்து நின்றனர் தலைவரும் துணைத்தலைவரும்.

"என் பொணத்தத் தாண்டித்தான் பஸ் அந்தப் பக்கம் நிக்கும்!" என்று முழங்கினார் தலைவர்.

"அப்ப தாண்டியே நிக்கட்டும்!" என்றார் துணைத்தலைவர்.

முதலாளி அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பேசச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

இக்குழுவுக்கென்று ஒரு குலமரபு உண்டு. இருவர் முட்டிக்கொண்டால், சரிபாதியில் தீர்ப்பு. அம்மரபின்படியே ஊரில் ஒரு தெருவிளக்கு சாலையின் நட்டநடுவில் நிற்கிறது. லாரிகள் அதை வலம்வந்து போகின்றன. ஆகவே அளவுநாடா வாளென உருவப்பட, சேனை முழுவதும் கிடங்குச் சாலைக்குப் படையெடுத்தது. பேக்கரி வாசலில் ஒரு முனை, பெயின்ட் கடை வாசலில் மறுமுனை. ஓர் அங்குலமும் எதிரிக்கு விட்டுக்கொடுக்காமல் அளந்து, மடித்து, மீண்டும் அளந்து, சரிபாதியில் சுண்ணாம்பால் வட்டமிட்டார்கள். வட்டம் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே விழுந்தது.

"சார், வண்டி வருது, நகருங்க!" என்று கத்தினார் கேட் கீப்பர். நகர்ந்தார்கள். ரயில் போனது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

"ஏங்க, அங்க ரயில் வருமே?" என்று கேட்டார் முதலாளி அம்மா.

"ரயில் வராத நேரத்துல பஸ் நிக்கும்மா" என்று அருளினார் தலைவர். துணைத்தலைவரும் அதை ஆமோதித்தார்.

"வேலைக்கு வர்ற பிள்ளைங்க எங்க நிப்பாங்க?"

"அதுக்குத் தனியா ஒரு குழு போடுவோம்."

"போடுங்க. நான் பக்கத்து ஊர்ல இடம் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அவர் காரில் ஏறினார். அவரை நம்பி வர இருந்த பொத்தான் கம்பெனிக்காரரும் அட்டைப்பெட்டிக்காரரும் அங்கேயே போய்விட்டார்கள். பக்கத்து ஊர் நகராட்சி இவர்களைவிட அறிவாளி ஒன்றும் இல்லை. கேட்ட இடத்தில் அன்று மாலையே பேருந்தை நிறுத்தியது, அவ்வளவுதான்.

ஆயினும் வெற்றி வெற்றியே அன்றோ! ஓரங்குலமும் விட்டுக்கொடாத உரவோர், பன்னுக்கும் பெயின்டுக்கும் பழுதிலா நீதி வழங்கிய பெருமான், முதலீட்டுப் பெருவெள்ளத்தை ஒற்றை அளவுநாடாவால் ஊருக்கு வெளியே திருப்பிவிட்ட தனிப்பெரும் தலைவர், பகைவரோடு கைகுலுக்கி, மார்பு நிமிர்த்தி, ஒரு சிராய்ப்பும் இன்றித் தம் இல்லம் புகுந்து, வெற்றிச் செய்தியை முழங்க மகளை அழைத்தார்.

அவள் பக்கத்து ஊரில் வாடகைக்கு ரூம் பார்க்கப் போயிருந்தாள்.