இருநூற்றுப் பன்னிரண்டு மரநாய்கள்

எங்கள் ஊருக்குக் காவல் போதவில்லை என்பது நாலு மாதத்துக்கு முன்புதான் தெரியவந்தது. அதுவரை ஒரு போலீஸ் நிலையம், பூட்டுக்கடை இரண்டு, தெருநாய்கள் தேவைக்கு மேல் என்று ஏதோ காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அழைப்பையா என்றொரு சாமியார் வந்து இறங்கினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காட்டுக்குள்ளே ஒரு மரநாய் காவலாக இருக்கிறது, அதன் முகத்தைப் பார்க்காமல் விட்டதுதான் உங்கள் எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம் என்றார். ஊர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கஷ்டம் எல்லோரிடமும் இருந்தது. காரணம்தான் கைவசம் இல்லாமல் இருந்தது.

மரநாயைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயரில்தான் நாய். நீண்ட உடம்பு, புசுபுசுவென்று வால், மரத்துக்கு மரம் தாவும், அணிலைப் பிடிக்கும், கூட்டிலிருந்து முட்டை திருடும், தேன் என்றால் உயிரை விடும். தாடைக்குக் கீழே நெஞ்சுவரை மஞ்சள் திட்டு ஒன்று உண்டு. காட்டை ஒட்டியே வாழ்கிற எங்கள் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ. பார்க்காத பொருள்மேல்தானே பக்தி சீக்கிரம் வரும்.

ஊர்க் கோடியில் இருந்த பழைய மரச்சாமான் கிடங்கை அழைப்பையா வாடகைக்கு எடுத்தார். முதல் பத்து நாள் யாரையும் உள்ளே விடவில்லை. ஐயா விரதம் என்றார்கள். விரதம் இருந்தது யார் என்று பிறகு தெரிந்தது. பதினோராம் நாள் கதவைத் திறந்தார்கள். வரிசை கிடங்கு வாசலில் தொடங்கி, பேக்கரியைத் தாண்டி, டயர் கடையைத் தாண்டி, என் கடைவரைக்கும் வந்து நின்றது. நான் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவன்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். குடும்பம் முழுவதும் வரிசையாக நிற்க வேண்டும். ஐயா குடும்பத் தலைவரின் பெயரைச் சுவரைப் பார்த்து மூன்று தரம் சொல்வார். நாக்கை மடித்து ஒரு சீட்டி அடிப்பார். பின்சுவரின் ஓட்டை வழியாக மரநாய் ஒன்று வரும். உத்தரத்தில் ஓடி, மேடைக்கு இறங்கி, அங்கே உயரத்தில் தொங்கும் கிண்ணத்தை எட்டுவதற்காகப் பின்னங்காலில் எழுந்து நிற்கும். மஞ்சள் கழுத்து பளிச்சென்று தெரியும்.

"உங்க காவல் உங்களை ஆசீர்வாதம் பண்ணுது. படம் எடுத்துக்கங்க" என்பார் ஐயா.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எடுத்த படத்தைச் சட்டம் போட்டு, வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ வாசலைப் பார்த்து மாட்ட வேண்டும் என்பது ஐயாவின் கட்டளை. எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கட்டளையை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். ஊரில் இருப்பது ஒரே ஒரு சட்டக்கடை.

என் வீட்டிலும் ஒன்று தொங்கியது. "எல்லாரும் போறாங்க, நம்ம காவல் மட்டும் அங்க அநாதையா கெடக்கணுமா?" என்று மனைவி கேட்டாள். போனோம், பார்த்தோம், மாட்டினோம். அதன்பிறகு அவளுக்கு முட்டிவலி குறைந்தது. மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டாள் என்பது வேறு விஷயம்.

இடையில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். பேக்கரிக்காரரும் டயர் கடைக்காரரும் வாய்க்கால் தகராறு ஒன்றில் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. இருவர் படமும் ஒரே நாளில் வந்தன. அவசரத்தில் இவர் படத்தை அவர் சட்டத்திலும், அவர் படத்தை இவர் சட்டத்திலும் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் கடைக் கணக்கு நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. குடும்பக் காவலையே மாற்றிக் கொடுத்தால் சும்மா விடுவார்களா? மெதுவாகப் பேக்கரிக்குப் போனேன்.

"நம்ம காவலைப் பாத்தீங்களா? என்ன களை, என்ன கம்பீரம். அந்த டயர்க்காரனோடதையும் பாத்தேன். திருட்டு முழி" என்றார் பேக்கரிக்காரர், டயர்க்காரரின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கடையில் இன்னும் நாற்பது படம் காத்திருந்தது.

இந்த நிலையில் கேமராக்காரம்மா என் கடைக்கு வந்தார். காட்டில் மிருகங்களை எண்ணுவது அவர் வேலை. ஆறு வருஷமாக எண்ணுகிறார். மரத்தில் இறைச்சித் துண்டை உயரமாகக் கட்டி, எதிர்மரத்தில் தானியங்கி கேமராவைப் பொருத்திவிட்டு வருவார். இறைச்சியை எட்ட மரநாய் எழுந்து நிற்கும், கழுத்து படத்தில் விழும். அன்றைக்கு அந்தப் படங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போட வந்திருந்தார்.

"இத்தனை படத்தையும் வச்சு என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நம்ம கைரேகை மாதிரிண்ணே. கழுத்துல இருக்கிற மஞ்சள் ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி. இதைப் பாருங்க, ஓரத்துல ரெண்டு புள்ளி. இதுக்கு நடுவுல ஒரு கோடு. ஆறு வருஷத்துல எண்ணி முடிச்சது ஒன்பதுதான். அதுலயும் நாலாம் நம்பரை மூணு மாசமாக் காணோம். பெரிய மரப்பொந்துல ரெண்டு குட்டி போட்டிருந்துச்சு."

சொல்லிக்கொண்டே திரும்பியவர், உலரவைத்திருந்த என் சட்டங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

"நாலு" என்றார். "இதுவும் நாலு. இதுவும் நாலுதான். செத்துப் போச்சுன்னு நெனச்சேண்ணே."

நான் பார்த்தேன். இடதுபக்கம் பிறை மாதிரி ஒரு வெட்டு, அதன் கீழே மூன்று புள்ளி. அடுத்த படம், அதே பிறை, அதே மூன்று. வாழ்நாள் முழுக்கப் படம் பார்த்தே பிழைக்கிற எனக்கு இருநூறு சட்டம் போட்ட பிறகும் அது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"நேரா வன அதிகாரிகிட்டப் போய்ச் சொல்லுங்கம்மா" என்றேன்.

போனார். அதிகாரியின் நாற்காலிக்கு மேலேயே அவர் குடும்பக் காவல் தொங்கியது. அதுவும் நான் போட்ட சட்டம்தான், தேக்கு. "இங்க பாருங்கம்மா, அடுத்தவங்க குடும்பக் காவலை நம்பர் போட்டுக் கூப்பிடறதெல்லாம் நல்லா இல்ல" என்றாராம். பிறகு, அவரிடம் ஒரு கோப்பைக் காட்டினாராம். அழைப்பையாவிடம் வந்த குடும்பங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆகவே காட்டில் மரநாய்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஆகவே மரநாய் இனி அருகிவரும் மிருகம் இல்லை. ஆகவே பெரிய மரங்கள் இருக்கும் மேல்காட்டுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை. ஒட்டுப்பலகை ஆலைக்கு வெட்ட அனுமதி கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை பொதுக்கூட்டம், அன்றைக்கே கையெழுத்து. அந்த ஆலை முதலாளிதான் கிடங்கு வாடகையைக் கட்டுகிறவர் என்பதும் பிற்பாடு வெளியே வந்தது.

"அந்தப் பொந்து மரம் இருநூறு வருஷம் நின்னதுண்ணே. அதுங்க குட்டி போடறதுக்கு வேற எடமே கெடையாது. வெட்டினா மிச்சம் இருக்கிற எட்டும் போயிடும்" என்றார் கேமராக்காரம்மா.

அன்று சாயங்காலம் என் கடை வாசலில் ஒரு போர்டு வைத்தேன். பொதுக்கூட்டத்தை முன்னிட்டுக் காவல் படங்களுக்குக் கண்ணாடி இலவசமாகத் துடைத்துத் தரப்படும். வியாழக்கிழமைக்குள் நாற்பது சட்டங்கள் வந்து குவிந்தன. பேக்கரிக்காரர் தன்னுடையதை ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. கிடங்கிலேயே கூட்டம். நடுவில் அதிகாரி, பக்கத்தில் அழைப்பையா. கேமராக்காரம்மா முதலில் ஒரு கட்டுப் படத்தை மேசைமேல் கொட்டிக் கலைத்தார். "சார், இது நான் காட்டுல எடுத்தது. கழுத்தைப் பாத்து, ஒரே மாதிரி இருக்கிறதை ஒண்ணாச் சேருங்க. படத்துக்குப் பின்பக்கம் நம்பர் இருக்கு, கடைசில திருப்பிப் பாப்போம்."

அதிகாரி சலிப்போடு ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் முன்னால் குனிந்துவிட்டார். பத்து நிமிடத்தில் ஒன்பது குவியல். திருப்பிப் பார்த்தால் ஒரு நம்பர்கூடத் தப்பவில்லை. அவருக்கே பெருமை தாங்கவில்லை. "சுலபமா இருக்கே" என்றார்.

அடுத்து நான். சட்டங்களிலிருந்து உருவிய நாற்பது படத்தையும் நீளமாகப் பரப்பினேன். எல்லாம் ஒரே அளவு, பெயர் பின்பக்கம். "அவங்கவங்க காவலை அவங்கவங்க எடுத்துக்கலாம்" என்றேன்.

கூட்டம் மேசையை நெருங்கியது. நெருங்கி, நின்றது. பேக்கரிக்காரர் மட்டும் தயங்கவில்லை. ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "ஆயிரத்துல ஒண்ணா இருந்தாலும் எனக்குத் தெரியும்."

திருப்பினேன். பல் டாக்டர் குடும்பம். இன்னொன்று எடுத்தார். அது தையல்காரம்மாவுடையது. மூன்றாவதாக எடுத்தது டயர்க்காரருடையது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "இந்த மூஞ்சியைத்தான் நீங்க ரெண்டு மாசமாக் கடையில மாட்டியிருந்தீங்க. மாத்திப் போட்டது என் தப்பு" என்றேன். நாற்பது குடும்பத்தில் தன்னுடையதைச் சரியாக எடுத்தவர் இருவர். இரண்டு பேரும் படத்தில் விரலடையாளம் பார்த்து எடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள்.

"சார், இதையும் நீங்களே குவியல் பிரிச்சுடுங்க" என்றார் கேமராக்காரம்மா.

அதிகாரி பிரித்தார். ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். பத்து, இருபது, முப்பது. குவியல் உயர்ந்ததே தவிர இரண்டாகவில்லை. கடைசியாக அந்த நாற்பதையும் தூக்கி, நான்காம் நம்பர் குவியலுக்குமேல் தானே வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அழைப்பையா அசரவில்லை. "எல்லாம் ஒரே வம்சம். வம்ச அடையாளம் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் ஆமாம் என்று தலையாட்டியும்விட்டார்கள். பக்திக்குத்தான் எவ்வளவு சின்னக் கைப்பிடி போதுமாயிருக்கிறது.

அப்போது என் மனைவி எழுந்தாள். "ஐயா, ஒரு சின்னக் கோரிக்கை. எங்க காவலையும் பேக்கரிக்காரர் காவலையும் ஒண்ணாக் கூப்பிடுங்க. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கட்டும். பாத்துட்டு நான் உக்காந்துக்கறேன்."

"ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு காவல் வராதும்மா. ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காது."

"அது நெசம்தான்" என்றார் கேமராக்காரம்மா. "மூணு மாசத்துல இவர் சொன்ன ஒரே நெசம். ஒவ்வொண்ணும் தனக்குன்னு ரெண்டு மூணு சதுர கிலோமீட்டர் காட்டை வச்சிருக்கும், பக்கத்துல இன்னொண்ணைச் சேக்காது. நம்ம காடு மொத்தமே இருபத்தஞ்சு. இருநூத்திப் பன்னெண்டு எங்கங்க இருக்கும்? மரத்துக்கு ஒண்ணாத் தொங்குமா?"

டயர்க்காரர் எழுந்து பின்பக்கம் போனார். ஐயா "அங்க போகக்கூடாது" என்றார். டயர்க்காரர் ஏழு வருஷமாக ஒரு வாய்க்காலுக்காகக் கோபத்தைக் காப்பாற்றி வருகிறவர், இந்தச் சொல்லுக்கா நிற்பார்? சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் கம்பிவலை. உள்ளே நான்காம் நம்பர். எலும்பும் தோலும். கழுத்தில் கயிறு உராய்ந்து மயிர் போயிருந்தது. பட்டினி போட்டு, சீட்டிக்குத் தேன் என்று பழக்கியிருக்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களைக் காத்த காவலுக்கு ஒரு வாய் தண்ணீர் வைக்க ஆள் இல்லை.

அழைப்பையாவைக் கைது செய்தது அதே வன அதிகாரிதான். கையெழுத்து வெட்டு அனுமதியில் விழவில்லை, கைது அறிக்கையில் விழுந்தது. மேல்காடு அப்படியே நிற்கிறது, இப்போதைக்கு.

பத்து நாள் தீனி போட்டுத் தேற்றி, நான்காம் நம்பரைப் பொந்து மரத்தடியில் கொண்டுபோய் விட்டோம். ஒரு தாவலில் மேலே ஏறி, பொந்துக்குள் போய், உடனே வெளியே வந்தது. திரும்பவும் உள்ளே போனது. திரும்பவும் வந்தது. குட்டிகளைப் பற்றி நான் கேட்கவில்லை, கேமராக்காரம்மாவும் சொல்லவில்லை. அதன் படத்தை வைத்து மூன்று மாதம் நன்றாகப் பிழைத்தவன் நான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தேன். மறுவாரமே கேமராக்காரம்மா வீட்டு வாசலில் ஒரு வரிசை. முதல் ஆள் பேக்கரிக்காரர்.

"நாலுதான் நம்மளுது இல்லைன்னு ஆயிடுச்சு. மீதி எட்டுல எங்களுது எதும்மா?"

"எதுவும் உங்களுது இல்லைங்க. அதனாலதான் அதுங்க உயிரோட இருக்கு" என்றார் அவர்.

வரிசைக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. அடுத்த ஊரில் ஒருவர், குடும்பத்துக்கு ஒன்றாக ஆந்தைகளை வரவழைக்கிறாராம். எங்கள் ஊர்க்காரர்கள் வேன் பேசிவிட்டார்கள். பேக்கரிக்காரரும் டயர்க்காரரும் ஏழு வருஷத்துக்குப் பிறகு பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். வேன் கிளம்பும்போது என் மனைவி ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள்.

"போறதுதான் போறீங்க. ரெண்டு ஆந்தையை ஒண்ணா வரச்சொல்லிக் கேளுங்க."

கேட்பதற்குக் காணிக்கை கிடையாது, வரிசையும் கிடையாது. வேனில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.